மொட்டைமாடிப் பாடகர்களுக்கு ஒரு திறந்த மடல்

ராஜகீழ்ப்பாக்கத்தில் சனிக்கிழமைதோறும் கூடிப் பாடும் அன்பர்களுக்கு,

எதிர்வரிசை வீட்டுக்காரன் எழுதுகிறேன். மொட்டைமாடியில் நீங்கள் பாடுவதெல்லாம் டிக்கெட் வாங்காமலே எனக்கும் கேட்டுவிடுகிறது. சத்தத்தைப் பற்றிப் புகார் இல்லை. வேளச்சேரி மெயின் ரோட்டு ஹாரனையும், தலைக்கு மேலே போகிற விமானப்படைப் பயிற்சி விமானத்தையும் தாங்கிப் பழகிய காதுக்கு உங்கள் பாட்டு ஒரு பொருட்டே இல்லை. எனக்கு ஒரு கோரிக்கைதான் இருக்கிறது. பொங்கல் விழாவுக்கு இருபது பேர், இருபது பாட்டு என்று பட்டியல் தயாராகிவிட்டதாகக் கேள்வி. அதில் ஒன்றையாவது இருபது பேரும் சேர்ந்து பாடுங்கள். கரோக்கி டிராக் வேண்டாம். குரலை மூன்று நான்கு வரிசையாகப் பிரித்துக்கொண்டு, ஒருவர் முன்னால் நின்று கைகாட்ட, சேர்ந்திசையாகப் பாடுங்கள்.

இந்த யோசனையைக் கிளப்பிவிட்டவர்களே நீங்கள்தான். போன மாதம் உங்கள் வாட்ஸப் குரூப்பில் யாரோ லெனர்ட் பெர்ன்ஸ்டீனின் பழைய டிவி நிகழ்ச்சி ஒன்றைப் போட்டிருந்தார்கள். (குரூப்பில் இருப்பது என் வீட்டம்மா, எட்டிப் பார்ப்பது நான்.) நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் குழுவை முதுகுப் பக்கம் உட்காரவைத்துவிட்டு, அரங்கம் நிறைந்த பிள்ளைகளிடம் பக்கத்து வீட்டு மாமா மாதிரி இசையை விளக்குகிற மனிதர். 1958-இலிருந்து 1972 வரை 53 நிகழ்ச்சிகள் அப்படி நடத்தினார். பார்த்துவிட்டு ஒரு அக்கா, "நம்ம ஊர்ல இப்படி ஒருத்தர் இருந்திருக்காரா?" என்று கேட்டிருந்தார். உடனே வரிசையாக இளையராஜா, இளையராஜா என்று பதில்கள் விழுந்தன. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் குழு அவருடைய சிம்பொனியை வாசித்தது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. எழுதிய இசையின் உயரத்தை வைத்துப் பார்த்தால் அந்தப் பதிலில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அக்கா கேட்டது வேறு. பாட்டே வராது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களை எதிரே நிறுத்திப் பாடவைக்கிற ஆளைப் பற்றி அவர் கேட்டார். அதற்கு என் பதில் எம்.பி.சீனிவாசன். அந்தப் பெயரைக் குரூப்பில் ஒருவரும் எழுதவில்லை. 1925 செப்டம்பர் 19-இல் பிறந்தவர். அவருடைய நூற்றாண்டு நம் தெருப்பக்கம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

பெர்ன்ஸ்டீன் கதையை முதலில் முடித்துவிடுகிறேன், பின்னால் உதவும். உக்ரைன் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த யூதக் குடும்பத்தில், 1918-இல், மாசசூசெட்ஸ் மாநிலத்து லாரன்ஸ் என்ற ஆலை ஊரில் பிறந்தவர். அப்பாவுக்கு அழகு நிலையங்களுக்குச் சாமான் விற்கிற வியாபாரம். பியானோ வாசித்தால் பையனுக்குச் சோறு கிடைக்குமா என்ற கவலை அந்த வீட்டிலும் இருந்தது. 1943 நவம்பர் 14 அன்று, கச்சேரியை நடத்தவேண்டிய புரூனோ வால்டர் உடம்புக்கு முடியாமல் படுத்துவிட, 25 வயதில், ஒத்திகைகூட இல்லாமல் கார்னகி ஹால் மேடையில் ஏறினார். மறுநாள் நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் அவர் பெயர். பிறகு 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' இசை நாடகம், நியூயார்க் குழுவின் இசை இயக்குநர் பதவி என்று ஏறுமுகம்தான். நடுவில், இடதுசாரி என்ற சந்தேகத்தில் 1953-இல் அவருடைய பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க அரசாங்கம் மறுத்ததும் உண்டு. 1989 கிறிஸ்துமஸ் அன்று, சுவர் திறந்து சில வாரமே ஆன பெர்லினில் பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியை நடத்தினார். மகிழ்ச்சி என்ற சொல் வருமிடத்தில் விடுதலை என்று மாற்றிப் பாடவைத்தார். மறு வருடம் அக்டோபரில் இறந்துபோனார்.

எம்.பி.எஸ். பக்கம் வருவோம். மானாமதுரை பாலகிருஷ்ணன் சீனிவாசன். சித்தூரில் பிறந்து சென்னையில் படித்தவர். கல்லூரி நாட்களிலேயே மாணவர் இயக்கம், கம்யூனிஸ்ட் கட்சி என்று இறங்கிவிட்டார். டெல்லிக்குப் போய் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலனிடம் வேலை பார்த்தார். அவர் மணந்தது சாகிதா கிச்லூவை. 1919 ஏப்ரலில் அமிர்தசரஸில் எந்தத் தலைவர்களைக் கைதுசெய்ததற்காக ஊர் கொதித்து, அதன் தொடர்ச்சியாக ஜாலியன்வாலா பாகில் கூடிய கூட்டத்தின் மேல் ஜெனரல் டயர் சுட்டானோ, அந்தத் தலைவர்களில் ஒருவரான சைஃபுதீன் கிச்லூவின் மகள். மானாமதுரை பிராமணக் குடும்பமும் காஷ்மீர வழி வந்த பஞ்சாப் முஸ்லிம் குடும்பமும் சம்பந்தி ஆனதென்றால் அந்தக் காலத்தில் என்னென்ன பேச்சு எழுந்திருக்கும் என்பதை நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள்.

அந்தக் காலத்து இடதுசாரி இளைஞர்களுக்குப் பாட்டு என்றால் கூட்டமாகப் பாடுவதுதான். இப்டா நாடக இயக்கத்தில் அப்படிப் பாடி வளர்ந்தவர்கள் பலர். சலில் சவுத்ரி பம்பாயில் இளைஞர் சேர்ந்திசைக் குழு தொடங்கினார். கல்கத்தாவில் ரூமா குகா தாகுர்தா 1958-இல் தொடங்கினார். சென்னைக்கு அது கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது, ஏனென்றால் சென்னைக்காரர் முதலில் சினிமாவில் மாட்டிக்கொண்டார்.

மாட்டிக்கொண்டார் என்று கேலியாகச் சொன்னாலும் அந்தச் சினிமா லேசானதில்லை. 1960-இல் வந்த 'பாதை தெரியுது பார்' படத்தை எடுத்தவர் வங்காளத்திலிருந்து வந்து சென்னையில் தங்கிவிட்ட ஒளிப்பதிவாளர் நிமாய் கோஷ். ஜெயகாந்தன், பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், கே.சி.எஸ்.அருணாசலம் என்று பாட்டு எழுதியவர்களின் பட்டியலே ஒரு கட்சி மாநாடு மாதிரி இருக்கும். படம் ஓடவில்லை, பாட்டு தங்கிவிட்டது. ஜெயகாந்தன் எழுதி பி.பி.ஸ்ரீனிவாசும் எஸ்.ஜானகியும் பாடிய ஊஞ்சல் பாட்டை உங்கள் கூட்டத்தில் பாடுகிற அந்தத் தம்பதிக்கு மெட்டுப் போட்டவர் யார் என்று தெரியுமோ என்னவோ. அவர்தான் இவர்.

தமிழ் சினிமா அதற்குமேல் அவரைப் பெரிதாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. மலையாளம் பயன்படுத்திக்கொண்டது. அடூர் கோபாலகிருஷ்ணனின் 'சுயம்வரம்', 'எலிப்பத்தாயம்', 'முகாமுகம்', 'அனந்தரம்', கே.ஜி.ஜார்ஜின் 'உள்கடல்', 'யவனிகா' எல்லாவற்றுக்கும் இசை எம்.பி.எஸ். இந்தப் பட்டியலைவிட எனக்குப் பிடித்தது ஒரு பாட்டுப்பதிவு. 1961 நவம்பர் 14, சென்னை பரணி ஸ்டுடியோ. கொச்சிப் பக்கத்திலிருந்து வந்த 21 வயதுப் பையன், சினிமாவில் முதல் தடவையாக மைக் முன்னால் நிற்கிறான். சாதி, மதப் பகை இல்லாமல் மனிதர்கள் வாழ்கிற இடத்தைப் பற்றி நாராயண குரு எழுதிய செய்யுளை எம்.பி.எஸ். மெட்டில் பாடுகிறான். படம் 'கால்பாடுகள்', பையன் யேசுதாஸ். ஒரு கிறிஸ்தவப் பையனின் முதல் பாட்டு அந்தச் செய்யுளாக அமைந்ததில் தற்செயல் எவ்வளவு, எம்.பி.எஸ்-ஸின் மனசு எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை. பெர்ன்ஸ்டீன் மேடையேறியதும் அதே நவம்பர் 14. அந்தத் தேதிக்கு ஏதோ ராசி போலிருக்கிறது.

நடிப்பும் ஒரு கை பார்த்தார். இயக்குநர் ஜான் ஆபிரகாமின் 'அக்ரஹாரத்தில் கழுதை' (1977) படத்தில், அநாதைக் கழுதைக்குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து வளர்த்து ஊர் வாயில் விழுகிற கல்லூரிப் பேராசிரியர் அவர்தான். நடிக்கத் தெரியாதவர் மாதிரியே நடித்திருப்பார். அந்தப் பாத்திரத்துக்கு அதுதான் பொருத்தம்.

இப்போது உங்களுக்கு வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன். 1971-இல் அவர் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவைத் தொடங்கினார். சினிமாவில் பாடுகிறவர்களை வைத்துத் தொடங்கவில்லை. பாட்டைத் தொழிலாகக் கொள்ளாத சாதாரண ஆட்களைச் சேர்த்தார். தமிழில் பாரதி, பாரதிதாசன், அதோடு பல இந்திய மொழிப் பாட்டுகள். ஒரே மெட்டை எல்லோரும் ஒன்றாக இழுப்பது கோயில் பஜனையிலேயே நம்மிடம் இருக்கிறது. அவர் செய்தது அதற்கு அடுத்த படி. ஒரு வரிசை மெட்டைப் பாடும்போது இன்னொரு வரிசை அதற்குப் பதில் சொல்லும், மூன்றாவது வரிசை கீழே ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பள்ளிக்கூடங்களில் இதையே பெரிய பெரிய பிள்ளைக் கூட்டங்களை வைத்துச் செய்தார். 1988 மார்ச் 9-இல் லட்சத்தீவுக்குப் போயிருந்த இடத்தில் இறந்துபோனார், 62 வயதில். குழு அவருக்குப் பின்னாலும் பாடிக்கொண்டிருக்கிறது. திருவனந்தபுரத்தில் அவர் பெயரிலேயே ஒரு குழு உண்டு.

சிம்பொனி எழுதியவர்களைக் கொண்டாடுகிறோம், நல்லது. குரலே இல்லாதவனுக்கும் சேர்ந்திசையில் ஒரு வரி ஒதுக்கிக் கொடுத்த மனிதரை அதற்குக் குறைவாக நினைக்க எனக்கு மனம் வரவில்லை. பெர்ன்ஸ்டீனிடமும் எனக்கு அந்த 53 நிகழ்ச்சிகள்தான் பெரிதாகப் படுகின்றன.

சரி, உங்கள் மாடிக்கு வருகிறேன். அங்கே ஒவ்வொரு வாரமும் என்ன நடக்கிறது என்பது எனக்கு மனப்பாடம். கரோக்கி டிராக் ஆண் பாடகரின் சுருதியில் இருக்கிறது, ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை. ஐந்தரைக் கட்டையில் சௌகரியமாகப் பாடுகிற பெண்மணி அதை எடுக்கிறார். கீழ் ஸ்தாயியில் இறங்கினால் குரல் காணாமல் போகிறது. மேல் ஸ்தாயிக்குத் தாவினால் சரணத்தில் கழுத்து நரம்பு புடைக்கிறது. பாட்டு முடிந்ததும் "தொண்டை சரியில்லைங்க" என்று அவர் மன்னிப்புக் கேட்கிறார். தொண்டையில் ஒரு கோளாறும் கிடையாது, சுருதி அவருடையதில்லை, அவ்வளவுதான். சேர்ந்திசையில் இந்தத் தொல்லை இல்லை, ஆளுக்கு ஏற்ற உயரத்தில் வரியை எழுதிக்கொள்ளலாம்.

முதல் பாட்டுக்கு மோகன ராகத்தை எடுங்கள். ச ரி க ப த என்ற ஐந்து ஸ்வரங்களில் எந்த இரண்டைச் சேர்த்துப் பிடித்தாலும் காதை உறுத்தாது, ஏனென்றால் அரை ஸ்வர இடைவெளியே அதில் கிடையாது. ஆண்களில் பாதிப் பேர் ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் 'ஆ' என்று பிடித்துக்கொண்டு நிற்கட்டும். தம்பூரா செய்கிற வேலைதான், ஆனால் நுரையீரலால் செய்வது. பெண்கள் பல்லவியைத் தொடங்கட்டும். அவர்கள் ஒரு ஆவர்த்தனம் தாண்டியதும் மிச்ச ஆண்கள் அதே பல்லவியை முதலிலிருந்து தொடங்கட்டும். முதல் வாரம் குழப்பம் வரும், சிரிப்பு வரும், யாராவது பக்கத்து வரிசையோடு போய்விடுவார்கள். காதைப் பொத்திக்கொண்டு பாடாதீர்கள். பக்கத்து வரியைக் கேட்டுக்கொண்டே தன் வரியை விடாமல் இருப்பதுதான் இதில் இருக்கிற ஒரே வித்தை.

பாட்டு டீச்சர் மாமி கமகத்தைப் பற்றிக் கேட்பார் என்று தெரியும். நியாயமான கேள்வி. காந்தாரத்தைத் தனியாக ஒருவர் அசைத்தால் அழகு. அதையே இருபது பேர் இருபது விதமாக அசைத்தால் சேறு. ஆகவே ஒன்று, எல்லோருக்கும் ஒரே அசைவை மாமி சொல்லித் தரவேண்டும்; அல்லது அந்த இடத்தில் ஸ்வரத்தை நேராக நிறுத்தவேண்டும். நேராக நின்றால் ராகம் செத்துவிடாது. நாலு பாட்டைச் சேர்ந்து பாடிப் பார்த்துவிட்டு மாமியே தீர்ப்புச் சொல்லட்டும், நான் கட்டுப்படுகிறேன்.

இந்தக் கலைக்கு ஆள் தேடி நாம் மயிலாப்பூருக்கோ எழும்பூருக்கோ போக வேண்டியதில்லை. 1893-இலிருந்து சேர்ந்து பாடிவரும் மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் இருக்கிற ஊர் இது. கிறிஸ்தவக் கல்லூரி 1937-இல் தாம்பரத்துக்குக் குடிவந்தது, தேவாலயப் பாடகர் குழுக்கள் இந்த வட்டாரத்துக்குப் புதிதில்லை. டிசம்பர் இரவுகளில் கேம்ப் ரோட்டிலும் செம்பாக்கத்திலும் கேரல் ரவுண்ட்ஸ் வருகிறவர்கள் கிதார் ஒன்றை வைத்துக்கொண்டு நாலு குரலில் பாடிவிட்டுப் போவதை நாம் வாசலில் நின்று கேட்டிருக்கிறோம். உங்கள் கூட்டத்திலேயே ஒருவர் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆல்டோ பாடுகிறவர். சனிக்கிழமை உங்களோடு வந்து, டிராக்கோடு மல்லுக்கட்டிச் சோலோ பாடிவிட்டுப் போகிறார். அவரை ஒரு நாள் முன்னால் நிறுத்தி, ஆல்டோ என்றால் என்ன செய்யவேண்டும் என்று கேளுங்கள். கீழ்க்குரல் பெண்கள் எல்லோருக்கும் அன்றைக்கே வேலை கிடைத்துவிடும்.

பாட்டுக்குப் பாரதியை எடுத்துக்கொள்ளலாம். அவருடைய எழுத்து 1949-இலேயே நாட்டுடைமை ஆனது, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். மெட்டு விஷயம் வேறு. இன்னொருவர் போட்ட மெட்டு அவருடைய உழைப்பு. உங்களில் ஒருவர் புதிதாகப் போட்டால் பிரச்சினையே இல்லை.

உழைப்பு என்றதும் சொல்லவேண்டிய ஒன்று இருக்கிறது. இதைச் சொல்லாமல் எம்.பி.எஸ். பெயரை உங்களிடம் விற்க எனக்கு மனசில்லை. சென்னை சினிமா இசைக்கலைஞர்களின் சங்கத்தைக் கட்டி எழுப்பியவர்களில் அவர் முக்கியமானவர். ஸ்டுடியோவில் வயலின் வாசிக்கிறவருக்கும் தபலா வாசிக்கிறவருக்கும் நேரத்துக்குக் கூலி வரவேண்டும் என்பதற்காக, தான் வேலை வாங்கவேண்டிய தயாரிப்பாளர்களிடமே போய் வாதாடுகிற இசையமைப்பாளர் எத்தனை பேர் இருப்பார்கள்? இசையமைப்பாளரின் உரிமைக்காகவும் அவர் நின்றார். அது நீண்ட சண்டை. காசு கொடுத்து எழுதவைத்த தயாரிப்பாளருக்கே பாட்டின் உரிமை என்ற விதத்தில் 1977-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. ராயல்டியில் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் விட்டுக்கொடுக்க முடியாத பங்கு உண்டு என்று சட்டம் திருந்த 2012 ஆகிவிட்டது. அவர் இறந்து 24 வருடம் கழித்து.

இப்போது நம் மாடி. போன குடியரசு தின விழாவில் கீபோர்டு வாசித்த தம்பி மேற்கு தாம்பரத்திலிருந்து பைக்கில் கீபோர்டைக் கட்டிக்கொண்டு வந்தான். சாயங்காலம் நாலு மணிக்கு வந்தவன், மைக் செட்காரர் லேட், தலைமை விருந்தினர் லேட் என்று ஏழரைக்குத்தான் முதல் ஸ்வரம் வாசித்தான். யாருக்கு எந்தச் சுருதி என்று கேட்டுக் கேட்டு, பொத்தானை ஏற்றி இறக்கி, ஒருவர் தாளம் தப்பினால் தான் தப்பியதுபோல் சமாளித்து, பத்தேகால் வரை உட்கார்ந்திருந்தான். கடைசியில் ஒரு சால்வையும் சாப்பாட்டுப் பொட்டலமும் கொடுத்து, "பார்த்துப் பண்ணிடலாம் தம்பி" என்றார்கள். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஷாமியானாவுக்கு அன்றைக்கே பணம் கொடுத்தோம், பிளாஸ்டிக் நாற்காலிக்குக் கொடுத்தோம். எம்.பி.எஸ். நூற்றாண்டை நாம் கொண்டாடுவதாக இருந்தால் அந்தத் தம்பியின் பாக்கியிலிருந்து தொடங்குங்கள். பொங்கலுக்கு அவன் வேண்டுமென்றால் தொகையை முன்கூட்டிப் பேசுங்கள், ஒத்திகைக்கும் சேர்த்து.

கைகாட்டுவது யார் என்பதில் சண்டை வரும், எனக்குத் தெரியும். நன்றாகப் பாடுகிறவரை அங்கே நிறுத்தாதீர்கள். அவருடைய குரல் வரிசையில் தேவை. தாளம் நிற்கிற ஆளாக, எல்லோர் முகத்தையும் பார்த்துப் பேசக்கூடிய ஆளாக, கோபம் வந்தாலும் சிரிக்கத் தெரிந்த ஆளாகப் பாருங்கள். மூன்றாவது மாடியில் இருக்கிற கணக்கு டீச்சர் என் மனசில் இருக்கிறார். அவர் கையை உயர்த்தினால் எங்கள் தெருப் பையன்களே வாயை மூடுகிறார்கள், அதே கையால் திறக்கவைக்கவும் அவரால் முடியும்.

ஒத்திகையைச் சனிக்கிழமை ஆறரைக்கு வைத்துக்கொள்ளலாம். ஏரிக்கரைக் கொசு ஏழு மணிக்குமேல் யாரையும் நிம்மதியாக நிற்கவிடாது. மொட்டைமாடிச் சாவிக்கு அசோசியேஷன் செயலாளரிடம் நான் பேசிக்கொள்கிறேன், அவருக்கு நான் கொஞ்சம் வேண்டியவன். ஷட்ஜத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற கடைசி வரிசையில் எனக்கும் ஒரு இடம் வையுங்கள். அந்த ஒரு ஸ்வரம் எனக்கு வரும்.

இப்படிக்கு,
எதிர்வரிசை வீட்டுக்காரன்
ராஜகீழ்ப்பாக்கம்